வேரோனிக்கா பதில் சொல்லாத பாட்டு

யூட்சன் புறப்பட்டது 2019ஆம் ஆண்டு சாம்பல் புதனன்று. காலைப் பூசையில் சுவாமியார் நெற்றியில் பூசிய சாம்பலைத் துடைக்காமலே யாழ்ப்பாணத்துப் பாசையூரில் வான் வண்டி ஏறி, பின்னேரம் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வந்து இறங்கியிருந்தான். ரொறொன்ரோவில் அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. அவனுடைய அக்கா வேரோனிக்கா வேலைக்குப் போகிற ஜக்கெற்றைப் போட்டபடி வைபர் வீடியோவில் அவனைப் பார்த்தார்.

“உதைத் துடையடா. இமிக்கிரேசன்காரன் என்னெண்டு நினைப்பான்?”

“துடைச்சாப் பாவமக்கா.”

“பூசைக்கே போகாதவனுக்குப் பாவம் தெரியுதோ?”

“இண்டைக்குப் போனனான்தானே. சுவாமி என்னைக் கண்ட சந்தோசத்தில ரெண்டு மடங்கு பூசிப்போட்டார்.”

பெரிய பையைத் தூக்குவதற்காக அவன் கைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அதற்குப் பிறகு வேரோனிக்காவுக்குத் தெரிந்தது துணியின் இருட்டு மட்டும். வரிசையின் இரைச்சல் கேட்டது. யாரோ சிங்களத்தில் பெயர் கேட்டார்கள். யூட்சன் தன் முழுப் பெயரையும் சொன்னான். பிறகு தொடர்பு அறுந்துபோனது.

ஸ்கொட்லாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள ஒரு சிறிய துறைமுகத்தில், இழுவை மீன்பிடிப் படகொன்றில் வேலை செய்யத்தான் அவன் போனான். எங்கள் கரையோரத்து ஆட்கள் பலர் அப்படிப் போயிருக்கிறார்கள். ஒரு வருடம் அங்கே நின்றுவிட்டு எப்படியாவது கனடாவுக்கு வந்துவிடுவது என்பது அவனுடைய திட்டம். அந்த எப்படியாவதுக்கு வழி என்ன என்று இருவரில் ஒருவருக்கும் தெரியாது.

வேரோனிக்கா எங்களுடைய வீட்டுப் பேஸ்மென்ரில் வாடகைக்கு இருப்பவர். ரொறொன்ரோவின் மில்லிக்கனில், ஸ்டீல்ஸ் வீதிக்கு இந்தப் பக்கம். அவரைத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் அவரை மீன்கடை வேரோனிக்கா என்பார்கள். வோபர்னில் ஜவ்ஃபர் நானாவின் மீன்கடையில் கண்ணாடிக்குப் பின்னால் நின்று மீன் வெட்டுவது அவர்தான். யூட்சன் பிறந்தபோது தாய் இறந்துவிட்டார். தகப்பன் எந்நேரமும் கடலில் தொழிலோடு. பதினாலு வயதில் வேரோனிக்கா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு சோறு வடித்தார். அவன் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவான். காய்ச்சல் வந்தால் மட்டும் அம்மா என்று முனகுவான். பிறகு இங்கே ஒரு கலியாணம் பொருந்தி வந்தது. வந்து பார்த்தால் மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே ஒருத்தி இருந்தாள்.

“நல்ல பிள்ளை அவள்,” என்பார் வேரோனிக்கா அன்ரி. “எயார்போட்டுக்கு எனக்கு ஜக்கெற் கொண்டு வந்தவள் அவள்தான். அவனுக்கு அந்த அறிவும் இல்லை.”

கடையில் அவருடைய வாய்க்காகவே வருகிற ஆட்கள் உண்டு.

“அக்கா, அறக்குளாவில தலையைத் தாங்கோ, வாலை நீங்களே வைச்சிருங்கோ.”

“வால் எனக்கென்னத்துக்கு? ஒன்ராறியோ லேக்கில நீந்தவோ?”

அந்த வருடம் ஒக்ரோபர் முடிவில், ஒரு சனிக்கிழமை, கடை நிறைந்த நேரத்தில் அவருக்குத் தொலைபேசி வந்தது. பேசியவர் றெபேக்கா. யூட்சன் வேலை செய்த படகின் தலைவருடைய மனைவி. முதல்நாள் மாலை வலை இழுத்து முடித்துப் பார்த்தபோது யூட்சன் தளத்தில் இல்லை. காற்று இல்லை, அலை இல்லை. மூடுபனி மட்டும் இருந்தது. அவன் விழுந்த சத்தம் ஒருவருக்கும் கேட்கவில்லை. வேரோனிக்கா இறப்பர்க் கையுறையைக் கழற்றாமல் போனைக் காதில் பிடித்துக்கொண்டு நின்றாராம். பிறகு, வெட்டத் தொடங்கிய மீனை முழுவதுமாக வெட்டிக் கழுவிப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார் என்று ஜவ்ஃபர் நானா சொன்னார்.

உடல் கிடைக்கவில்லை. அன்ரி இறந்தவருக்கான முப்பத்தோராம் நாள் பூசை கொடுக்கவில்லை. கறுப்பு உடுக்கவில்லை. மீன் சாப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டார். வெட்டுவதை நிறுத்தவில்லை.

*

நாலைந்து வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு 2022 ஏப்ரலில் நான் வீட்டுக்குத் திரும்பினேன். என் பழைய அறை பேஸ்மென்ருக்கு நேர் மேலே. சூடு வருவதற்காகத் தரையில் வைத்திருக்கிற கம்பித் தட்டின் வழியாகக் கீழே நடப்பது கொஞ்சம் மேலே கேட்கும். கரண்டி விழுகிற சத்தம், தண்ணீர் ஓடுகிற சத்தம். வந்து சில நாள் கழித்து, பட்டப்பகலில், அந்தத் தட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் ஆங்கிலத்தில் பாடுவது கேட்டது. அவள் ஒரு பெயரைக் கூப்பிட்டாள். பல குரல்கள் சேர்ந்து ஒரே சொல்லில் பதில் சொல்லின. மறுபடி ஒரு பெயர், மறுபடி பதில். பிறகு இன்னொரு பெயர். அதற்குப் பதிலே வரவில்லை. வெறும் சூடான காற்று மட்டும் என் கால்களில் பட்டுக்கொண்டிருந்தது. அந்த அமைதி நீண்டுகொண்டே போய், நான் மூச்சைப் பிடித்திருப்பது எனக்கே தெரிந்தபோதுதான் அடுத்த பெயர் வந்தது.

அந்தப் பாட்டை நான் முன்பே கேட்டிருந்தேன். அலைந்த வருடங்களில், யூட்சன் அங்கே போவதற்கு முன், அதே ஸ்கொட்லாந்துக் கரையில் ஒரு விடுதியில் கொஞ்சக் காலம் படுக்கை விரிக்கிற வேலை செய்தேன். அங்கே மதுக்கடையில் அதை எல்லோரும் பாடுவார்கள். ஊரின் பெயரை எழுதவேண்டாம் என்று றெபேக்கா பின்னர் கேட்டுக்கொண்டதால் அதை விடுகிறேன்.

கதையை அங்கேயே எனக்குச் சொன்னார்கள். அந்தக் கரையில் வெளிச்சவீடு கட்டுவதற்கு முந்தைய காலம். ஹெரிங் மீனுக்குப் போன படகுகள் பனிமூட்டத்தில் துறைமுகத்தின் வாயைக் காணாமல் தடுமாறும். பெண்கள் துறைமுகச் சுவரில் ஏறி நின்று தங்கள் தங்கள் ஆண்களின் பெயரைக் கூப்பிடுவார்கள். அந்தக் குரலை வைத்துப் படகைத் திருப்புவார்கள். எல்லோரும் ஒன்றாகக் கத்தினால் குழப்பம் என்பதால் குரல் வளமான ஒருத்தியை நிறுத்தி, ஒவ்வொரு பெயராகக் கூப்பிடச் செய்தார்கள். தண்ணீரிலிருந்து பதில் வரும். ஒருநாள் ஒரு படகின் ஆட்களிடமிருந்து பதில் வரவில்லை. அவள் ஒரு பதில் வரக்கூடிய நேரம் காத்திருந்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டாள். அந்தக் காத்திருப்பு அப்படியே பாட்டுக்குள் வந்துவிட்டது என்றார்கள். அதெல்லாம் கட்டுக்கதை, இது வெறும் துடுப்புப் பாட்டு, துடுப்பைத் தண்ணீரிலிருந்து தூக்குகிற நேரம்தான் அந்த இடைவெளி என்று ஒருவர் மறுத்தார். அவர் சொன்னதுதான் உண்மையாக இருக்கக்கூடும். எனக்கு முதல் கதைதான் பிடித்தது.

மெட்டு மிகவும் சின்னது. ஏறி, ஒரு படி குறைய இறங்கும். பாடத் தெரியாதவனும் பாடலாம். அந்தக் கரையை விட்டுக் கனடாவுக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், கடலையே காணாதவர்கள், இன்னும் பாடுகிறார்கள். காரணம் மெட்டல்ல என்று நினைக்கிறேன். ஒரு மண்டபம் நிறைந்த ஆட்கள் சேர்ந்து ஒரு மனிதனுக்காகப் பேசாமல் இருப்பது வேறெங்கும் கிடைக்காது.

ஒவ்வொரு நவம்பர் மாதமும் முதல் ஞாயிறு, அந்தத் துறையிலிருந்து போய்த் திரும்பாதவர்களின் பெயர்களை வைத்து அதை முழுமையாகப் பாடுவார்கள். கூப்பிடுகிறவள் பெயரைச் சொல்ல, எல்லோரும் ‘கரையில்’ என்று பதில் சொல்வார்கள். புதிதாகக் காணாமல்போனவனுக்கு அப்படிச் சொல்லமுடியாது. அவனுடைய சொந்தத்தில் ஒருவர் முதலில் வாய்திறந்து அவனுக்காகப் பதில் சொல்லவேண்டும். அதுவரை அவன் பெயருக்குப் பின்னால் அமைதிதான். கடலிலும் அதே விதி. இறந்தவனின் குரல் பனிக்குள்ளிருந்து கேட்டால் தொப்பியைக் கழற்றி, வாயை மூடிக்கொண்டு விலகிவிடவேண்டும். சொந்தத்துக்கு முன்னால் வேறு யாராவது பதில் சொன்னால் அவன் அந்த ஆளின் வீட்டுக் கதவுக்கு வந்துவிடுவான்.

*

நான் கீழே இறங்கிப் போனேன். அன்ரி வேலை உடுப்போடே கட்டிலில் இருந்தார். நிலமட்டத்திலுள்ள சின்னச் சன்னலின் பாதியைப் பழைய பனி மூடியிருந்தது.

“அன்ரி, உந்தப் பாட்டு உங்களுக்கு எப்பிடி?”

“மேல கேக்குதோ? றெபேக்கா வருசா வருசம் அனுப்புறவ. எங்கட யூட்சனையும் கூப்பிடுகினம் பிள்ளை.”

“பதில் சொல்லேல்லையே.”

“நான் சொன்னால்தானே அவை சொல்லலாம். நான் சொல்ல மாட்டன்.” கைபேசியைத் துடைத்தார். “அவையும் எங்களைப் போலத்தான். எங்கட கரையில, இருட்டுக்க ஒருக்காக் கூப்பிட்டா ஒருத்தரும் ஏனெண்டு கேளாயினம். மூண்டு தரம் கூப்பிட்டால்தான் மனிசர், இல்லாட்டிப் பேய்.”

மூன்று வருடப் பதிவுகளையும் எனக்குப் போட்டுக் காட்டினார். முதல் வருடம் மண்டபத்தில். யூட்சன் பெயருக்குப் பின் ஒரு கதிரை கிறீச்சிட்டது, அவ்வளவுதான். இரண்டாம் வருடம் கொரோனாவால் துறைமுகச் சுவரில் ஆளுக்காள் தள்ளி நின்று பாடினார்கள். அதில் காற்று மட்டும். மூன்றாவது மறுபடியும் மண்டபத்தில். பெயர் வந்தது. அமைதி வந்தது. அன்ரி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

தூரத்தில், மிகத் தூரத்தில், ஒரு கூவல். அடியில் தொடங்கி, நுனியில் உயர்ந்து, சட்டென்று அறுந்தது.

“கேட்டதோ?”

“ஏதோ கேட்டது.”

“ஏதோ இல்லைப் பிள்ளை. எங்கட ஆக்கள் வள்ளத்துக்கு வள்ளம் அப்பிடித்தான் கூவுறது. கடைசியில மேல தூக்கிறது அவன்ர பழக்கம். அப்பா அதுக்கு ஏசுறவர், சேவல் மாதிரிக் கூவாதையெண்டு.”

நான் அதை என் அறைக்குக் கொண்டுபோய் ஹெட்போனில் பலமுறை கேட்டேன். வெளியில் போன வாகனமாக இருக்கும், நாய் ஊளையாக இருக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கடைசியில் றெபேக்காவுக்கு எழுதிக் கேட்டேன். பதில் மறுநாள் வந்தது. மண்டபத்துச் சன்னல்கள் பல வருடப் பெயின்ற் பூச்சில் இறுகித் திறக்கமுடியாமல் இருப்பவை. வெளியே நாய் இல்லை. கூவலை எல்லோரும் கேட்டார்கள். யாரும் யாரோடும் அதைப்பற்றிப் பேசவில்லை. ‘எங்களுக்குப் பின்னால் நின்று கூவினதுபோல் இருந்தது,’ என்று எழுதியிருந்தார். பதிவில் அது அவ்வளவு தூரத்தில் கேட்டது ஏன் என்று அவருக்கும் தெரியவில்லை.

அன்ரிக்கு ஆங்கிலம் கடைக்குப் போதும், கடிதத்துக்குப் போதாது. அன்றிலிருந்து றெபேக்கா எழுதுவதை அவருக்கு வாசித்துச் சொல்வது என் வேலையாகிவிட்டது.

செப்டெம்பரில் வந்தது வேறுவிதமாக இருந்தது. அந்தப் படகில் இப்போது றெபேக்காவின் மகனும் போகிறான். மூடுபனி நாட்களில், யூட்சன் விழுந்த பக்கத்தில், பையன்களுக்குக் கூவல் கேட்கிறது. வயதானவர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு விலகிப் போகத் தெரிந்தவர்கள். பையன்களுக்கு அந்தப் பொறுமை இல்லை. ஒருமுறை கூவல் வந்த திசைக்குப் படகைத் திருப்பியிருக்கிறார்கள். அடிப்பக்கம் பாறையில் உரசியிருக்கிறது. ‘வேரோனிக்கா பதில் சொல்லும்வரை அவன் கூப்பிடுவான். என் மகன் திருப்பிக்கொண்டுதான் இருப்பான். தயவுசெய்து.’

நான் வாசித்து முடித்ததும் அன்ரி எழுந்துபோய்த் தேத்தண்ணிக்குக் கேத்திலை வைத்தார்.

“நான் பதில் சொன்னா அவன் செத்தவன். இப்ப அவன் கூவுறான். கூவுறவனை நான் என்னெண்டு சாகக் குடுக்கிறது?”

அடுத்த கிழமை நான் அவரைக் கடையில் இறக்கிவிட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றேன். கதை எப்படியோ ஜவ்ஃபர் நானாவுக்குப் போயிருந்தது. அவர் ஐஸ் பெட்டியை உடைத்துக்கொண்டே தொடங்கினார்.

“வேரோனிக்கா, அந்தப் பொம்புளட மகன் கல்லுல அடிபட்டா, நீங்க இதுல நிண்டு விளைமீன் வெட்டிட்டு இரிப்பீங்களோ?”

“நானா, உங்கட வேலையைப் பாருங்கோ.”

“என்ட வேலதான் இது. மூணு வருசமா நீங்க ஒரு துண்டு மீன் வாயில வெக்கல்ல. மீன் திங்காத ஆள் வெட்டுற மீன எவன் நம்பி வாங்குவான்?”

அன்ரி சிரிக்கவில்லை. கத்தியைத் துடைத்துவிட்டு, மீன்களின் பக்கம் பார்த்தபடி கேட்டார்.

“அவளின்ர மகனுக்கு எத்தினை வயசு, பிள்ளை?”

“பத்தொன்பது எண்டு எழுதினவ.”

அவர் தலையாட்டினார். வரிசையில் நின்ற அடுத்த ஆளின் மீனை எடுத்தார்.

*

பதிலைப் போனில் சொல்லமுடியாது. பாட்டு நடக்கும் இடத்தில், காற்றில், வாயால் சொல்லவேண்டும். எந்த ஊரில் பாடினாலும் பரவாயில்லை என்று றெபேக்கா எழுதினார். ரொறொன்ரோவுக்குக் கிழக்கே ஒஷாவாவில் அந்தத் துறையின் வழிவந்தவர்கள் அதே ஞாயிறு பிற்பகலில் பாடுகிறார்கள் என்றும், அவர்களுக்கு யூட்சனின் பெயரை அனுப்பிவைப்பதாகவும் சொன்னார்.

நவம்பர் முதல் ஞாயிறு நாங்கள் 401 நெடுஞ்சாலையில் கிழக்கே போனோம். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. ஏரிப் பக்கம் முழுவதும் சாம்பல் நிறமாக இருந்தது. தேவாலயம் ஒன்றின் பின்பக்கத்து மண்டபம். உள்ளே போனால் நீளமான நடைவழி, அதில் கோட்டுகள் கொளுவியிருந்தன. அதைத் தாண்டி மண்டபம். முட்டை சான்ட்விச், பெரிய குடுவையில் தேநீர். பெரும்பாலும் வயதானவர்கள். கார்த் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர்கள். அவர்கள் எங்களைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை.

கூப்பிடுகிறவர் உயரமான ஒரு பெண். முன்பு பள்ளிக்கூட பஸ் ஓட்டியவராம். அன்ரியின் கையை இரண்டு கைகளாலும் பிடித்தார்.

“உங்கள் தம்பியின் பெயரைக் கிழமை முழுக்கப் பழகினேன். சரியாகச் சொல்கிறேனா பாருங்கள். யூட்சன்.”

“நல்லாச் சொல்லுறா,” என்றார் அன்ரி என்னிடம். “என்ர சித்தப்பாவை விட வடிவாச் சொல்லுறா. மூண்டு தரம் கூப்பிடச் சொல்லு.”

நான் சொன்னேன். அந்தப் பெண் கையை விட்டுவிட்டார்.

“ஒரு பெயரை ஒருமுறைதான் கூப்பிடுவோம். எப்போதும் அப்படித்தான்.”

“ஒருக்காக் கூப்பிட்டா நான் வாய் திறக்க ஏலாது. எங்கட கரையில அப்பிடி. அவன் எங்கட கரைப் பிள்ளை.”

அவர்கள் மூலையில் கூடிப் பேசினார்கள். ஒரு கிழவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் அந்தப் பெண் திரும்பி வந்தார்.

“சரி. மூன்று. ஒன்று மட்டும் கேட்கிறேன். பாட்டு நடக்கும்போது என்ன கேட்டாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நீங்களும் பார்க்கவேண்டாம்.”

கதிரைகள் எல்லாம் ஒரே திசையில், நடைக்கு முதுகு காட்டிப் போடப்பட்டிருந்தன. விளக்குப் போடவில்லை; அந்தச் சாம்பல் வெளிச்சமே போதுமென்று விட்டுவிட்டார்கள். அந்தப் பெண் எதிரில் நின்று தொடங்கினார். குரல் பெரியதில்லை. வெறுமையான குரல். பெயர், பதில். பெயர், பதில். ஒரே குடும்பத்துப் பெயர்கள் மூன்று நான்கு அடுத்தடுத்து வந்தன. ‘கரையில்’ என்று சொல்லும்போது ஒருவரும் குரலை உயர்த்தவில்லை. கணக்குக் கொடுப்பதுபோலச் சொன்னார்கள்.

“யூட்சன்.”

அமைதி. மண்டபத்தின் வெப்பக் குழாய் எங்கோ தட்டியது. அன்ரி மடியில் கைகளை வைத்தபடி இருந்தார்.

“யூட்சன்.”

மறுபடியும் அதே அமைதி. அதன் நடுவில் எங்களுக்குப் பின்னால், கோட்டுகள் தொங்கிய நடையில், அது கேட்டது. பதிவில் கேட்டதுபோல் தூரத்தில் இல்லை. ஒரு அறையின் நீளம்தான் இருக்கும். அடியில் தொடங்கி, நுனியில் உயர்ந்து, அறுந்தது. ஒருவரும் திரும்பவில்லை. எதிரே நின்ற அந்தப் பெண் மட்டும்தான் நடையைப் பார்த்தபடி நின்றார். நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். அவர் கண்களைத் தாழ்த்திக்கொண்டார். தேநீர்க் குடுவையின் பக்கம் நின்றிருந்த ஒருவர் மெல்லத் தொப்பியைக் கழற்றினார்.

அன்ரி மடியிலிருந்த கைகளை எடுத்துக் கதிரையைப் பிடித்தார். அவர் திரும்பிப் பார்க்கப் போகிறார் என்று நினைத்து நான் தோளில் கை வைத்தேன். அவர் திரும்பவில்லை. கண்ணீர் மட்டும் வழிந்தது.

“யூட்சன்,” என்றார் அந்தப் பெண் மூன்றாவது முறை.

வேரோனிக்கா எழுந்து நின்றார்.

“கரைக்கு வந்திட்டான்,” என்றார் தமிழில். மீன்கடையில் அடுத்த ஆளைக் கூப்பிடுகிற குரலில், உரத்து, தெளிவாக.

பிறகு மண்டபம் முழுவதும் சேர்ந்து தங்கள் சொல்லில் பதில் சொன்னது. பாட்டு அடுத்த பெயருக்குப் போனது.

முடிந்து கோட்டுகளை எடுக்கப் போனபோது நடையில் ஒருவரும் இல்லை. வெளிக்கதவைப் பாட்டுத் தொடங்கமுன் உள்பக்கமாகப் பூட்டியிருந்தார்கள்; எங்களை வெளியே விடுவதற்காகத்தான் ஒருவர் வந்து திறந்தார். அந்தப் பெண்ணிடம் நடையில் என்ன கண்டீர்கள் என்று கேட்கத் துணிவில்லை. அவர் அன்ரியின் கழுத்துத் துணியைச் சரிசெய்து கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டார்.

திரும்பும் வழியில் அஜக்ஸ் நகரத்தைத் தாண்டியதும் அன்ரி கேட்டார்.

“பின்னுக்குத்தான் நிண்டவன், என்ன?”

“ஓம் அன்ரி.”

“பாக்கேல்ல நான்.”

“நானும் பாக்கேல்ல.”

“பாத்திருந்தாச் சொல்லியிருக்க மாட்டன்,” என்றார்.

அந்த மாதமே முப்பத்தோராம் நாள் பூசையை, மூன்று வருடம் பிந்தி, கொடுத்தார். கறுப்பு உடுத்தார். தை மாதம் ஒருநாள் கீழேயிருந்து சீலா மீன் பொரிக்கிற மணம் வந்தது. என் அம்மா படியில் நின்று என்னைப் பார்த்தார். றெபேக்காவின் மகனுக்கும் மற்றப் பையன்களுக்கும் கடலில் ஒன்றும் கேட்பதில்லை என்று செய்தி வந்தது. அடுத்த நவம்பரில் அனுப்பிய பதிவில் யூட்சனின் பெயருக்குப் பின்னால் எல்லோரும் பதில் சொன்னார்கள். இடைவெளி இல்லை. அன்ரி அதை ஒருமுறைதான் கேட்டார். கேட்டுவிட்டு, நன்றாகப் பாடுகிறார்கள் என்றார்.

றெபேக்காவிடமிருந்து அதற்குப் பிறகு கன நாள் ஒன்றும் வரவில்லை. 2024 யூலையில், நான் மறுபடியும் பை கட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், என் கைபேசிக்கு இது வந்தது:

‘இதை முதலில் நீ வாசி. பிறகு வேரோனிக்காவுக்குப் பக்கத்தில் இருந்து மெதுவாகச் சொல். பொலிஸ் சொல்லி அவர் அறியக்கூடாது, நான் சொல்லவேண்டும். கடற்பறவைகளை எண்ணுகிறவர்கள் போன கிழமை இங்கே ஆளில்லாத ஒரு பாறைத்தீவில் இறங்கினார்கள். அலை எட்டாத உயரத்தில், ஒரு பொந்துக்குள், யூட்சன் இருந்தான். உயிர்காப்பு அங்கியைக் கழற்றித் தலைக்கு வைத்துப் படுத்திருந்தான். அவன்தான் என்று உறுதிப்படுத்திவிட்டார்கள். தானாகத்தான் ஏறியிருக்கிறான் என்கிறார் மருத்துவர். எவ்வளவு நேரம் உயிரோடு இருந்தான் என்று இப்போது சொல்லமுடியாதாம். அவன் விழுந்த இரவு எங்கள் படகு விடியும்வரை அவன் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு சுற்றியது. அந்தக் குளிரில் இனி யாரும் தாங்கமாட்டார்கள் என்று நிறுத்திய பிறகுதான், அந்தப் பாறையின் பக்கம், பனிக்குள்ளிருந்து ஒரு கூவல் வந்திருக்கிறது. படகிலிருந்த எல்லோருக்கும் கேட்டிருக்கிறது. இறந்தவன் கூப்பிடுகிறான் என்று நினைத்தார்கள். என் கணவர் தொப்பியைக் கழற்றினார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எஞ்சினைப் போட்டு விலகி வந்துவிட்டார்கள். இவ்வளவு காலம் எனக்கும் அவர் சொல்லவில்லை. இப்போது அவர் கடலுக்குப் போவதில்லை, சமையலறையிலேயே இருக்கிறார். வேரோனிக்கா வந்து தம்பியை எடுத்துக்கொள்ளும்வரை நாங்கள் முறைவைத்து அவனோடு இருக்கிறோம். பாட்டை நிறுத்தவில்லை. அந்த விதியை நிறுத்திவிட்டோம். இனி யார் கூப்பிட்டாலும், முதலில் கேட்டவன் பதில் சொல்லவேண்டும். நேற்றுப் பனிக்குள் ஒரு கடல்நாய், சீல், கத்தியிருக்கிறது. சீல் என்று தெரிந்தும் பையன்கள் எல்லோரும் படகின் ஓரத்தில் நின்று, தொண்டை கட்டும்வரை பதில் சொன்னார்களாம்.’